அவினாசி வரை ஓர் ஆட்டம்

நீலக் கார் பின்னாலிருந்து வந்து அவள் காரை இடித்தது.

டிபன் பாக்ஸை மூடக்கூட மறந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த போன் விளையாட்டில் இடிபட்ட கார் குட்டிக்கரணம் போடும். தலைக்கு மேல் நட்சத்திரம் சுற்றும். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் எழுந்து நிற்கும். ரத்தம் கிடையாது, சாவு கிடையாது. குடும்பத்தோடு ஆடலாம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். குடும்பத்தைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்.

நீலக் கார் அவள் மகள் பூவிழியுடையது.

பூவி இடிக்க மாட்டாள். அம்மாவின் கார் வழியில் நின்றால் சேற்றில் இறங்கிச் சுற்றிக்கொண்டு போவாள். அதனாலேயே தோற்பாள்.

இடித்தது அவன், பூவியின் அப்பன்.

விலா எலும்பு உடைந்த அன்று அவனிடமிருந்து தப்பி வந்தவள் அவள். பிள்ளையை இழுத்துக்கொண்டு வரத் திராணி இல்லை. அதன் பிறகு அவன் பிள்ளையைப் பார்க்க விடவில்லை, பேச விடவில்லை. பேசினால் பிள்ளை முதுகில் தோல் இருக்காது என்று சொல்லி அனுப்பினான். சொன்னால் செய்கிறவன்.

அவனுடைய பழைய போனில் பூவி கார் ஓட்டுவாள். பிள்ளை விளையாட்டுதானே என்று விட்டிருந்தான். அதில் பேச முடியாது, எழுத முடியாது. ஒருவர் ஒரு தடவை ஓட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும், பிறகு மற்றவர். பூவியைக் கொஞ்சிக் கூப்பிடும் 'சோளப்பொரி' என்ற பெயரில் அவள் உள்ளே நுழைந்தாள். பூவிக்குப் புரிந்துவிட்டது. தாயும் மகளும் அதிலேயே குடித்தனம் நடத்தினார்கள்.

நேற்று பூவி ஒரு ஸ்டிக்கர் பரிசாக அனுப்பினாள். காரின் பின்பக்கம் ஒட்டுவது. 'அம்மா' என்று எழுதியிருந்தது.

ஒட்டியிருக்கக் கூடாது. ஆசை, ஒட்டிவிட்டாள். அது அவன் கண்ணில் பட்டிருக்கிறது.

"ஏனுங்க்கா, மெசின உட்டுப்போட்டு எங்க போறீங்?"

பக்கத்து மெஷின்காரி கேட்டபோது அவள் கம்பெனி கேட்டைத் தாண்டியிருந்தாள்.

அவன் வீடு அவினாசியில். பஸ்ஸில் நின்றுகொண்டே போனில் காரை ஓட்டினாள். ஓட்டாவிட்டால் அவன் போனைக் கீழே வைப்பான். கீழே வைத்தால் கை சும்மா இருக்காது. பூவி பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பாள்.

மெதுவாகப் போனாள், இடிக்கத் தோதாக. இடித்தான்.

மறுபடி போனாள். மறுபடி இடித்தான்.

முடிவுக் கோடு தெரிந்தது. யார் ஜெயித்தாலும் ஆட்டம் முடிந்துவிடும். காரைத் திருப்பி, வந்த வழியே ஓட்டினாள்.

முடிவுக் கோட்டைத் தொடாமல் அவனும் துரத்தி வந்தான். ஜெயிப்பதைவிட இடிப்பதுதான் அவனுக்குப் பெரிது. அவள் உடம்பில் படித்த பாடம் அது.

பஸ் பூண்டி தாண்டும்போது போனில் நீலக் கார் அசையாமல் நின்றது.

நின்றுகொண்டே இருந்தது.

முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். அங்கே என்ன நடக்கிறது என்று தெரியும். பெல்ட்டா, கரண்டிக் காம்பா, அதுதான் தெரியாது.

பிறகு நகர்ந்து வந்து இடித்தது. இடிபட்டதற்காக அவள் சாமி கும்பிட்டாள்.

பஸ்ஸை விட்டு இறங்கி ஓடினாள். அவன் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே பிள்ளை விம்முகிற சத்தம். போனில் அவள் ஓட்ட வேண்டிய முறை.

காரைத் திருப்பினாள். இருக்கிற வேகத்தையெல்லாம் போட்டு நீலக் காரை இடித்தாள். அந்த விளையாட்டில் முதல் தடவையாக.

உள்ளே அவன் உறுமினான். போன் சுவரில் மோதிச் சிதறியது.

அவள் கதவை உள்ளங்கையால் ஓங்கி அறைந்தாள்.

"வெளிய வாடா!"

அவனை அவள் 'டா' போட்டதே இல்லை. தெருவே திரும்பிப் பார்த்தது.

கதவு திறந்தது. கையில் பெல்ட். முதல் அடி காதோடு விழுந்தது. அவள் விலகவில்லை. அவன் சட்டையை இரண்டு கையாலும் அள்ளிப் பிடித்து, முழு எடையோடு பின்னால் சாய்ந்து அவனை வாசலுக்கு வெளியே இழுத்தாள். இரண்டு பேரும் தெருவில் விழுந்தார்கள். பெல்ட்டின் இரும்பு அவள் நெற்றியைக் கிழித்தது.

நிலைப்படி காலியாக இருந்தது.

"ஓடு சாமி, ஓடு!"

சின்னக் கால்கள் அவள் தலைமாட்டைத் தாண்டின.

அடி விழ விழ, அந்தக் காலடிச் சத்தம் தூரமாவதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். சட்டையை விடவில்லை.