மாடி போர்ஷன்

“எங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகலைங்கம்மா” என்று அன்புமொழி சொன்னபோது, டிவியில் ஒருவன் பீரோவுக்குள் ஒளிந்துகொண்டிருந்தான்.

ஏழு மணிச் சிரிப்பு நாடகம். கல்யாணம் செய்துகொள்ளாமல் ஒரே வீட்டில் வாழும் ஒரு ஜோடி, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கும் வீட்டுக்காரர். வாரத்தில் ஐந்து நாளும் அந்தப் பையன் எங்காவது ஒளிந்தாக வேண்டும்.

சொர்ணவல்லியம்மா கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். தாலுகா ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். புதுக்கோட்டை மாலையீட்டில், கீழும் மாடியுமாக இருந்த அந்த வீடு அவருடையது. பக்கத்து நாற்காலியில் கைலி கட்டிய ஒருவரும் சிரித்துக்கொண்டிருந்தார். கேட்டைத் திறந்துவிட்டபோது தன் பெயர் திருப்பதி என்று சொன்னவர்.

இரண்டு சிரிப்பும் ஒன்றாக நின்றன.

அன்புமொழியோடு வந்த ஜெபக்குமார் தரையைப் பார்த்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதுகூட அவளிடம் கெஞ்சிப் பார்த்திருந்தான். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்கிறது, நல்ல மனிதர்களாக இருப்பார்கள், அவர்களாகக் கேட்டால் சொல்லலாம், கேட்காவிட்டால் விட்டுவிடலாம்.

அவள் விடுவதாக இல்லை.

கந்தர்வக்கோட்டையில் அவர்கள் குடியிருக்கும் வீட்டிலும் இதே நாடகம்தான் ஓடியது. அந்த வீட்டுக்கார அக்காவும் இப்படித்தான் விழுந்து விழுந்து சிரித்தார். டிவிக்குள் இருக்கிற வரைக்கும் எல்லோருக்கும் சிரிப்புத்தான்.

அங்கே அவள் கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு குடிபோனாள். ஐந்தாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த அக்கா முறுக்குத் தட்டோடு வந்து உட்கார்ந்து, கல்யாண ஆல்பத்தை எடு, பார்ப்போம் என்றார்.

ஆல்பம் ஸ்டூடியோவில் இருக்கிறது என்றாள். அடுத்த வாரம், மழையில் நனைந்துவிட்டது என்றாள். மூன்றாவது வாரம் கையில் பொய் இல்லை.

அன்றிரவே கயிற்றை அவிழ்த்துவிட்டாள். வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். கெடு நாளை மறுநாள். டெம்போவுக்குச் சொல்லியாயிற்று. சாமான்களை எங்கே இறக்குவது என்றுதான் தெரியவில்லை.

அவளுக்குப் புதுக்கோட்டையில் லேபில் வேலை, அவனுக்கு டூவீலர் ஷோரூமில். அதனால் இங்கேயே வீடு தேடினார்கள். ஆறு வீடு பார்த்தார்கள். ஆறிலும் அவள் உள்ளதைச் சொன்னாள். ஆறிலும் இல்லை என்றார்கள். ஒரு வீட்டில், குடிக்கக் கொடுத்த தண்ணீரை அவள் வாயில் வைப்பதற்குள் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

இத்தனைக்கும் அவர்கள் கல்யாணத்துக்கு இரண்டு பக்கமும் சம்மதம்தான். அவள் ஞானஸ்நானம் வாங்க வேண்டும் என்றது அவன் வீடு. அவன் பெயரை மாற்றிக்கொண்டு குலதெய்வக் கோயிலில் வந்து நிற்க வேண்டும் என்றது அவள் வீடு. யாராவது இறங்கி வரட்டும், அதுவரை சேர்ந்திருப்போம் என்று இருவரும் முடிவெடுத்து ஒன்றரை வருடமாகிறது.

“வாடகைக்கு வீடு கெடைக்கணும்னு கல்யாணம் பண்ண மாட்டேன் ஜெபா. பொய்யும் சொல்ல மாட்டேன்” என்று இன்று பஸ்ஸிலேயே சொல்லியிருந்தாள்.

சொர்ணவல்லியம்மா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார். பீரோவுக்குள் இருந்தவன் சத்தமில்லாமல் தும்மினான்.

“தெருவுல கேட்டா என்ன சொல்லுவ பாப்பா?”

“உள்ளதத்தான் சொல்லுவேன். கல்யாணம் ஆகல, ஒண்ணாத்தான் இருக்கோம்னு.”

குரல் நடுங்கவில்லை.

சொர்ணவல்லியம்மா திருப்பதியைப் பார்த்தார். அவர் கண்ணாடியைக் கழற்றி கைலி நுனியில் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

இது ஆறு வீட்டிலும் பார்த்த பார்வை. அந்தந்த வீட்டு அம்மா தன் வீட்டுக்காரரைப் பார்ப்பார். வீட்டுக்காரர் வேறு எங்கோ பார்ப்பார். அதற்குப் பிறகு யாராவது வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுகூட இல்லை.

சரி, இது ஏழாவது. மார்த்தாண்டபுரத்தில் ஒரு வீடு இருப்பதாக லேபில் கூட வேலை பார்ப்பவள் சொல்லியிருந்தாள். காலையில் முதல் வேலையாக அங்கே போய் நிற்க வேண்டும். அங்கேயும் இதையேதான் சொல்ல வேண்டும்.

அன்புமொழி எழுந்தாள். “பரவாயில்லைங்கம்மா. நாங்க வாரோம்.”

“ஒக்காரு.”

அதட்டல் போலத்தான் இருந்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

“மாடி காலின்னு இன்னைக்குக் காலையிலதான் போர்டு மாட்டினேன். அதுலேர்ந்து தெருவுல நாலு பேரு கேட்டுட்டாங்க, சார் வீட்டக் காலி பண்றாரான்னு. என்ன சொல்றதுன்னு தெரியாம ரெண்டு பேரும் கதவச் சாத்திக்கிட்டு டிவி பாத்துக்கிட்டிருக்கோம்.”

அன்புமொழிக்கு விளங்கவில்லை. “எந்த சாருங்கம்மா?”

சொர்ணவல்லியம்மா பக்கத்து நாற்காலியைக் காட்டினார். “இவருதான். மாடிக்குக் குடிவந்து ஒம்பது வருஷமாச்சு. கீழ வந்து ஏழு வருஷமாச்சு.”

ஜெபக்குமார் தலையைத் தூக்கினான்.

“தெருவுக்கு இவரு இன்னும் மாடியிலதான் இருக்காரு. பொழுது சாஞ்சா மேல போயி லைட்டப் போட்டுட்டு எறங்கி வந்துருவாரு.”

திருப்பதி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அறுபது வயது முகத்தில் வெட்கம் எங்கே ஒளிவது என்று தெரியாமல் நின்றது.

“என்னங்க” என்றார் சொர்ணவல்லியம்மா. “சாவிய எடுத்து அந்தப் புள்ளகிட்டக் குடுங்க. இன்னைக்கு லைட்ட அவங்க போடட்டும்.”