இன்றைய மடையன்

“கிளாஸ்ல வெச்சுப் பிள்ளையை மடையன்னு சொன்னீங்களா, இல்லையா?”

“சொன்னேன் சார். தினமும் காலையில சொல்றேன்” என்றாள் நாலாம் வகுப்பு டீச்சர் மதிவதனி.

தாளாளர் காயாரோகணம் நாற்காலியில் நிமிர்ந்தார். நீடாமங்கலத்தில் அரிசி ஆலை நடத்திக்கொண்டிருந்தவர், அதை விற்றுவிட்டுப் பள்ளிக்கூடம் கட்டினார். நெல்லைத் தரம் பிரித்தவனுக்குப் பிள்ளைகளைத் தரம் பிரிப்பது பெரிய வேலையா என்பது அவருடைய கல்விக் கொள்கை.

மேசைக்கு முன்னால் மருதையன் நின்றுகொண்டிருந்தார். நாலாம் வகுப்பு அன்பரசனின் அப்பா. நாற்றங்காலிலிருந்து நேரே வந்திருந்தார், கால் சேறு இன்னும் காயவில்லை.

“சார், எம்மவன் ரெண்டு நாளா சரியா சோறு திங்கலைங்க. மடையன் மடையன்னே பொலம்பிட்டுக் கெடக்கான். நானும் சொல்லிப் பாத்தேன்...”

“கேட்டீங்களா டீச்சர்? பிஞ்சு மனசு.” காயாரோகணம் அவரை முடிக்க விடவில்லை. அடுத்தவர் பேச்சைத் தானே முடித்துவைப்பதை அவர் ஒரு பொதுச்சேவையாகவே செய்துவந்தார்.

போன மாதம்தான் தஞ்சாவூரில் ஒரு ஹோட்டலில் நடந்த பயிற்சி முகாமுக்குப் போய் வந்திருந்தார். பிள்ளைகளின் கவனம் சிதறாமல் வகுப்பை நடத்துவது எப்படி என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்களாம். மத்தியானச் சாப்பாடு நன்றாக இருந்திருக்க வேண்டும். திரும்பி வந்த வேகத்தில் வகுப்புக்கு வகுப்பு ஆங்கிலத்தில் போஸ்டர் ஒட்டினார், ஆளுக்கொரு மணி வாங்கிக் கொடுத்தார். மணியடித்தால் எல்லாப் பிள்ளையும் உதட்டில் விரல் வைக்க வேண்டும். பிள்ளைகள் விரலை எடுக்காமலே தூங்கப் பழகிக்கொண்டார்கள்.

அந்த மணி அவர் மேசையிலும் ஒன்று இருந்தது. தான் பேசத் தொடங்கும்போது அதைத் தட்டுவார். பேசி முடித்ததற்கு அடையாளமாகத் தட்டி இதுவரை யாரும் கேட்டதில்லை.

நாலாம் வகுப்பு மட்டும் தூங்கவில்லை. ஒருவன் பேசினால் மற்றவர்கள் கேட்டார்கள், கேட்டபிறகு பதில் சொன்னார்கள். சேர்க்கைக்கு வரும் பெற்றோரைக் காயாரோகணம் அந்த வகுப்புக்குத்தான் கூட்டிப்போய்க் காட்டுவார். எல்லாம் தன் போஸ்டரின் மகிமை என்று அவருக்கு நினைப்பு. “என் போஸ்டரால நல்லா நடக்குற கிளாஸ்ல எதுக்கு டீச்சர் இந்தத் திட்டு?” என்றார்.

“போஸ்டர் இல்ல சார், நான் முறை வெச்சிருக்கேன்” என்றாள் மதிவதனி. “ஒவ்வொரு பெஞ்சும் ஒரு வாய்க்கால். எந்த வாய்க்கால் தொறந்திருக்கோ அந்த பெஞ்சு பேசும், மத்தது காத்திருக்கும். தொறந்து மூடுறதுக்கு தினமும் ஒரு பிள்ளை. அந்தக் காலத்துல மடையைத் தொறந்து மூடுறவரைத்தானே மடையன்னாங்க? அந்தப் பேரையே வெச்சுட்டேன். முந்தின நாள் யாரு அடுத்தவங்க பேச்சைப் பொறுமையா கேட்டாங்களோ, அவங்கதான் மறுநாள் மடையன். பொண்ணா இருந்தாலும் மடையன்தான். இன்னும் சொல்லப்போனா, அன்பரசனை நான்...”

மணி அடித்தது.

“கதை விடாதீங்க. ஊர்ல யாரைக் கேட்டாலும் மடையன்னா முட்டாள்தான். என்ன மருதையன்?”

“அது இல்லீங்க. மடையன்னா எங்களுக்கு...”

“உங்களுக்கு அவமானம். புரியுது. உக்காருங்க.”

உட்கார அங்கே வேறு நாற்காலி கிடையாது. மருதையன் அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு நின்றுகொண்டார்.

“டீச்சர், நாளையிலேருந்து நீங்க வர வேண்டாம்.”

வருஷத்தின் நடுவில், அதுவும் பிள்ளையைத் திட்டினவள் என்ற பெயரோடு வெளியே போனால், மன்னார்குடி வரைக்கும் எந்தப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளாது. பயத்தைவிட மதிவதனிக்கு ஆத்திரம்தான் அதிகமாக வந்தது. ஒன்பது வயதுப் பிள்ளைகள் ஒரே வாரத்தில் பழகிக்கொண்டதை இந்த மனிதருக்கு எந்த முகாமில் வைத்துச் சொல்லிக்கொடுப்பது?

“நான் போறது இருக்கட்டும் சார். அவரு ஏதோ சொல்ல வர்றாரு. ஒரு தடவை முழுசா கேட்டுடுங்க.”

“அவரு சொல்றதுக்கு என்ன இருக்கு? அதான் நான் சொல்லிட்டேனே.”

மருதையன் துண்டை உதறித் தோளில் போட்டார். “எம் புகாரையும் நீங்களே சொல்லிட்டா, நான் எதுக்குங்க நாத்துப் பறிய விட்டுட்டு வந்தேன்? நான் கெளம்புறேன்.”

காயாரோகணத்தின் முகம் சுருங்கியது. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள், இவருக்கு அவசரம் இல்லாத நாளிலும் அப்படித்தான். ஆனால் ஒரு தகப்பன் முறுக்கிக்கொண்டு போனால் அந்தத் தெருப் பிள்ளைகள் மொத்தமும் வேறு பள்ளிக்கூடத்து வேனில் ஏறிவிடும் என்கிற அளவுக்கு வியாபாரம் தெரிந்தவர். மணியை நகர்த்தி வைத்துவிட்டுப் பெரிய மனசு பண்ணினார்.

“சரி, உங்க வாயாலயே சொல்லுங்க. இந்த டீச்சரம்மாவும் கேட்டுக்கட்டும். உங்க பையனை இதுவரைக்கும் எத்தனை தடவை மடையன்னு சொல்லியிருக்காங்க?”

“ஒரு தடவைகூட சொல்லலைங்க, அதாங்க புகாரு.”