பிந்திய முதல் ஊசி

“பதினாலு மாசமோ? இண்டைக்குத்தான் முதல் ஊசியோ?”

பக்கத்து இருக்கைத் தங்கேஸ்வரியின் கையிலிருந்த அட்டையை எட்டிப் பார்த்தாள் யோசப்பின். போலியோ, குக்கல் இருமல், ஏற்புவலி என்று ஊசிகளின் பெயர்கள் வரிசையாக எழுதியிருந்தன. இத்தாலியில், பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பக்கத்துத் தடுப்பூசி நிலையம் அது. யோசப்பினின் மடியில் மூன்று மாதக் குழந்தை.

“ஓம். உள்ளுக்கை டொக்டர் ரெத்த றிசல்ற் பாக்கிறார். சரியெண்டால் போடுவினம். இல்லாட்டி இன்னும் ஆறு மாசம் வீட்டுக்குள்ளை பூட்டித்தான் வைக்கோணும்.”

தங்கேஸ்வரிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். தவமிருந்து பெற்றதாக்கும், தகப்பன் உள்ளே வைத்திருக்கிறார் போலும் என்று யோசப்பின் கணக்குப் போட்டாள். ஊசி போடாவிட்டால் இனிப் பள்ளியில் சேர்க்க மாட்டார்கள், சட்டமே வந்துவிட்டது, பெற்றவர்கள் இப்படி அசட்டையாக இருக்கலாமா என்று அடுக்கிக்கொண்டே போனாள்.

“அசட்டை இல்லைத் தங்கச்சி. ரெத்தத்திலை காவல் அணுக்கள் இருக்கெல்லோ, அதுகள் ஒரு கிருமியை ஒருக்காக் கண்டால் மறக்காது. செத்த கிருமியைக் காட்டி, இவன்தான் பகையாளி எண்டு சொல்லிக் குடுக்கிறதுதான் ஊசி. எங்கடை அணுக்கள் புதுசு, தொகையும் காணாது. அதுதான் பொறுக்கச் சொன்னவை.”

“எல்லாப் பிள்ளையளும் அப்பிடித்தானே அக்கா பிறக்குதுகள்?” என்று யோசப்பின் சிரித்தாள்.

தங்கேஸ்வரிக்கு வாதாட மனமில்லை. பதினான்கு மாதமாகப் பிரான்காச்சோப் பகுதியிலுள்ள தன் வீட்டில் கோப்பை கரண்டியெல்லாம் அவித்தாள். தடிமன் பிடித்த எவரையும் வாசல் தாண்டவிடவில்லை. வேலைக்குப் போகும் வீட்டு எசமானி சிஞ்ஞோரா தும்மினால் மறுநாள் வேலைக்கே போகமாட்டாள். இப்போது கண்ணை டொக்டரின் அறைக் கதவிலேயே வைத்திருந்தாள்.

தாதி எட்டிப் பார்த்து இத்தாலிய மொழியில் ஏதோ சொன்னாள். தங்கேஸ்வரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“காவல் படை முழுப் பலத்தோடை நிக்குதாம். ஊசி போட்டாச்சாம்,” என்றாள். “அவ்வளவும் நான் குடுத்த அணுக்கள்.”

“தாய்ப்பாலைச் சொல்லுறியளோ?”

கதவு திறந்தது. புயத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி, நரைத்த மீசையோடு ஆறடி உயர மனிதர் ஒருவர் வெளியே வந்தார்.

“பால் இல்லை, எலும்பு மச்சை,” என்றாள் தங்கேஸ்வரி. “ரெத்தப் புற்றுநோய் எண்டு இவற்றை அணுக்களை முழுக்க அழிச்சுப்போட்டு, பதினாலு மாசத்துக்கு முன்னம் என்ரையைத்தான் ஏத்தினவை. சின்னனிலை போட்ட ஊசியெல்லாம் அதோடை போச்சு. இவர் என்ரை மூத்தண்ணன்.”