போயிட்டு வரோம்

தமயந்தி கேஸ் சிலிண்டரை மூன்றாவது முறையாகத் தொட்டுப் பார்த்தாள். அரிசி டப்பா உருளாதபடி கயிறு கட்டியாகிவிட்டது. வீட்டுப் பூட்டையும் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாயிற்று. ஆனாலும் எதையோ மறந்த மாதிரி மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

எட்டு நாள் பயணம். கடல் ஏறிக்கொண்டிருந்த அந்தத் தெருவில் சொன்னால் தானே ஓடும் பதினோரு கேரவன் வீடுகள் வரிசையாக நின்றன. பத்து மணிக்குள் பாலத்தைத் தாண்டியாக வேண்டும். முதல் வண்டி அவர்களுடையது.

கணவன் தனபால் பூட்டிய கதவைப் பார்த்து, "சரி, போயிட்டு வரோம்" என்றான்.

"திரும்பி வர உங்களுக்கு அனுமதி இல்லை" என்றது வண்டி. "பயணத்தைச் சரியாகச் சொல்லுங்கள்."

தனபால் மனைவி பக்கம் திரும்பினான். "போறோம்னு சொன்னாத்தான் நகருமாம். நீ சொல்லேன்."

"வாசல்ல நின்னுக்கிட்டு அந்த வார்த்தையை நான் சொல்லணுமா? நீங்களே சொல்லுங்க!"

பின்னால் ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. எல்லா வண்டிக்குள்ளும் இதே சண்டைதான்.

மணி ஒன்பதே முக்கால். தமயந்தி பல்லைக் கடித்துக்கொண்டு, "போறோம்" என்றாள். வண்டி நகர்ந்தது.

பத்தடி போயிருக்கும். மகள் ஓவியா ஜன்னல் வழியே தலையை நீட்டி, வீட்டைப் பார்த்துக் கையாட்டினாள்.

"போயிட்டு வரோம்!"

வண்டி நின்றுவிட்டது. பிள்ளையை அதட்ட இருவருக்குமே மனம் வரவில்லை.