மெக்சிகோ படையல்

கூடத்தில் நான்கு மெழுகுவத்திகள் எரிந்தன. செண்டுமல்லிப் பூக்குவியலுக்கு நடுவே மாலையும் கழுத்துமாகத் தியாகேசன் படத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் அவர் அப்பா, மறுபக்கம் அம்மா. அவர்கள் போய்ச் சேர்ந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது.

"நான் எப்பம்மா செத்தேன்?" என்றார் தியாகேசன், வயலிலிருந்து வந்த சேற்றுக்காலோடு கூடத்தின் நடுவில் நின்று.

மருமகள் மரிசோல் திருதிருவென விழித்தாள். மெக்சிகோவில் வேலை பார்க்கும் மகன் பரணிதரன் அங்கேயே கட்டிக்கொண்டு, தமிழும் சொல்லிக்கொடுத்திருந்த பெண். வலங்கைமான் பக்கம் இப்போதுதான் முதல்முறையாக வந்திருக்கிறாள். நவம்பர் இரண்டாம் தேதி அவர்கள் ஊரில், இறந்தவர்கள் வீடு தேடி வந்து சாப்பிட்டுப் போகிற திருவிழாவாம். ஊர் மாறினால் திருவிழாவை விட்டுவிட முடியுமா? காலையிலிருந்து மக்காச்சோள மாவுக்குள் கோழிக்கறியும் மிளகாய் விழுதும் வைத்து, வாழையிலையில் பொட்டலம் கட்டி, இட்லிப் பானையில் அவித்துக் குவித்திருந்தாள். பெயர் தமாலே. தெருவில் போகிறவர்களை எல்லாம் வேறு சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"மாலை போட்ட போட்டோன்னா செத்துப் போனவங்கன்னு பரணி சொன்னாங்க மாமா. பெட்டில இருந்துச்சு."

அது பாசன சங்கத் தலைவரானபோது ஊரார் போட்ட மாலை. ஆகி இருபத்தைந்து வருடம். அந்தச் சுருட்டை முடியும் முறுக்கு மீசையும் இந்த வழுக்கை மாமனாருடையவை என்று அவளுக்கு எப்படித் தெரியும்? சொல்லியிருக்க வேண்டிய மாமியாரும் மகனும் கடைக்குப் போயிருந்தார்கள்.

படத்தை எடுக்கக் கையை நீட்டினார். அதற்குள் வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தவர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

நடராசன்! மூன்று வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லாத சிநேகிதர். ஒரு குறுவையில் தியாகேசனின் முறையன்று யாரோ மடையைத் திறந்து தண்ணீரை நடராசன் வயலுக்குத் திருப்பிவிட்டார்கள். 'யாரோ' என்று நடராசன் சாதித்தார். நீதான் என்று தியாகேசன் சாதித்தார். ஐம்பது வருடச் சிநேகம் அதோடு அறுந்தது. நடராசன் சீர்காழியில் மகள் வீட்டோடு போய்விட்டார். எப்போதாவது நிலத்தைப் பார்க்க வந்தாலும் இந்த வாசலை மிதிப்பதில்லை. இன்று தெருவோடு போனவரை மருமகள் கூப்பிட்டிருக்கிறாள். அவர் இல்லாமல் தியாகேசனுக்குச் சாயங்காலமே வெறிச்சென்று ஆகிவிட்டது. ஆனால் வீம்பு விடவில்லை. அவன் வாயால் ஒப்புக்கொள்ளட்டும், அப்புறம் பார்க்கலாம்.

'படத்தைப் பார்த்தால் நான் போய்விட்டேன் என்றுதானே நினைப்பான்?'

"படம் அப்படியே இருக்கட்டும். நான் இங்க இல்ல, மூச்சு விடாதம்மா," என்று மருமகளிடம் கிசுகிசுத்துவிட்டு, குடுகுடுவென்று அறைக்குள் ஓடிக் கதவிடுக்கில் கண்ணை வைத்தார்.

"வாங்க, உக்காருங்க," என்றாள் மரிசோல், சிரிப்பை விழுங்கிக்கொண்டு.

நடராசன் உட்காரவில்லை. படத்தைப் பார்த்ததும் தோள் துண்டு தானாகக் கைக்கு வந்தது. அப்புறம் தலையைக் குனிந்து, தரையையே பார்த்தபடி வெகு நேரம் நின்றார். அழுகிறான் போலிருக்கிறது என்று தியாகேசனுக்கு உள்ளே ஒரே குளிர்ச்சி. ஆனால் எப்போது, எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கக் காணோமே! இவ்வளவுதானா ஐம்பது வருடப் பழக்கம்?

"எங்க ஊர்ல இன்னைக்கு அவங்க வருவாங்க," என்று மரிசோல் விளக்கினாள். "பக்கத்துலதான் இருப்பாங்க. நாம பேசுறதெல்லாம் கேக்கும்."

"இருப்பான் தாயி. எங்க போயிடப்போறான்?"

நடராசன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"டேய் தியாகு! அன்னைக்கு மடையத் தொறந்தது நான்தான்டா. பயிரு கருகிப் போவுது, மனசு கேக்கல. ஒன்னக் கேட்டிருந்தா நீயே தொறந்து விட்டிருப்ப. கேக்காமப் பண்ணிட்டேன். பண்ணிட்டு இல்லன்னும் சாதிச்சேன் பாரு, அதான் தப்பு. ஒன் மூஞ்சியப் பாத்துச் சொல்ல இந்த மூணு வருசமா வாய் வரல. படத்துக்கிட்டன்னா சொல்ல முடியுது."

வெற்றி! இப்போது வெளியே பாய்ந்து, 'மாட்டுனியாடா' என்று கையைத் தட்ட வேண்டியதுதான். ஆனால் தியாகேசனுக்குக் கால் எழவில்லை. கண்ணில் கரகரவென்று நீர் வந்துவிட்டது. ஒரு வாய்க்கால் தண்ணீருக்காக இந்த மனுசனையா விட்டோம் என்று தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு விசும்பினார்.

வெளியே நடராசன் சம்மணமிட்டு உட்கார்ந்து, வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்தார். ஆவியோடு கோழிக்கறி வாசனை கதவிடுக்கு வரை வந்தது. காலையிலிருந்து வெறும் வயிற்றோடு இருந்தவருக்கு அழுகைக்கு நடுவிலும் நாக்கு ஊறியது.

"அடேங்கப்பா, கொழுக்கட்டைக்குள்ள கறிக்கொழம்பு வச்ச மாதிரில்ல இருக்கு! இன்னொண்ணு வை தாயி."

மூன்று பொட்டலம் காலி. நடராசன் கையைக் கழுவிவிட்டு வந்து, படத்தை ஒருமுறை பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வாசல்படி வரை போனவர் திரும்பி நின்று, தரையில் அறைக்கதவு வரை போயிருந்த சேற்றுக் காலடிகளை இன்னொரு முறை பார்த்துவிட்டு, உள்ளே நன்றாகக் கேட்கும்படி உரக்கச் சொன்னார்:

"கதவுக்குப் பின்னாடி நிக்கிறவனுக்கும் ரெண்டு வை தாயி, ஆறிடப் போவுது!"