அம்மா பார்த்த சீரியல்

"பெத்த அம்மாகிட்டேருந்து சீரியலைப் பிடுங்கறதுக்கு ஒரு கல் நெஞ்சு வேணும்டி. உனக்கு அது நிறையவே இருக்கு" என்றாள் ரெத்னோ, டெம்பே என்கிற சோயா வறுவலைக் கடித்துக்கொண்டே.

ஜகார்த்தாவில் ஆபீஸ் கேன்டீன். எதிரே உட்கார்ந்திருந்த லம்ரியாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"பிடுங்கலைடி. சந்தாவைத்தான் நிறுத்தினேன். மறுபடியும் விலையை ஏத்திட்டான். ஆரம்பப் பாட்டு முடியறதுக்குள்ள நான் குறட்டை விடறேன். தூங்கறதுக்கு எவளாவது மாசாமாசம் பணம் கட்டுவாளா?"

"உங்க அம்மா பார்க்கறாங்க இல்ல?"

"பார்க்கறாங்களாவா? வீடு பத்தி எரிஞ்சாக்கூட எழுந்திருக்க மாட்டாங்க."

"அப்புறம் ஏண்டி நிறுத்தினே, பாவி?"

லம்ரியா சோற்றைக் கிளறினாள். அம்மா இருப்பது கடல் தாண்டி, சுமத்ராவில், சியாந்தரில். இரண்டு வீட்டுக்கும் ஒரே சந்தா. கட்டுவது லம்ரியா. ஏற்பாடு செய்தது ஊரில் அம்மாவோடு இருக்கும் தம்பி பின்சார்.

அவனும் பாவம், வேறு என்னதான் செய்வான்? மூன்று வருஷத்துக்கு முன்னால் அத்தை மகனைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டாள் இவள். சுமத்ராவின் பத்தாக் இனத்துக் குடும்பத்தில், முறை மாப்பிள்ளையான அத்தை மகன் குத்துக்கல்லாட்டம் எதிரே நிற்கும்போது வேண்டாம் என்பது லேசுப்பட்ட காரியமா? அம்மாவுக்கு நாத்தனார் முகத்தில் விழிக்க முடியவில்லை. "வந்தா மாப்பிள்ளையோட வா. இல்லேன்னா இந்த வாசப்படியை மிதிக்காதே!" என்று கத்தினாள். தெருவே கேட்டது. தெருவே கேட்ட வார்த்தையை எந்தப் பத்தாக் பொம்பளை திரும்ப வாங்கியிருக்கிறாள்? மகளும் அதே வயிற்றில் பிறந்தவள்தானே. ஊர்ப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

இரண்டு பிடிவாதத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்ட பின்சார்தான் இந்தக் கொரியா சீரியலைக் கண்டுபிடித்தான்.

"ரெண்டு பேரும் அவங்கவங்க வீட்ல பாருங்க. சாயங்காலம் போன்ல அதைப் பத்தி மட்டும் பேசுங்க. கல்யாணம்னு எவ வாயைத் திறந்தாலும் போனைப் பிடுங்கி மீன் தொட்டியில போட்டுடுவேன்."

அன்றிலிருந்து போன் வராத நாள் கிடையாது. அம்மா கதை சொல்வாள். லம்ரியா, "ஆமாம்மா, நானும் பார்த்தேன், அடப்பாவமே" என்று ஒத்து ஊதுவாள். பார்க்காத சீரியலுக்கு ஒருத்தி எத்தனை நாள்தான் ஒப்பாரி வைப்பாள்?

"சரி, நிறுத்திட்டே. இனிமே அம்மாகிட்ட என்னத்தைப் பேசுவே?" ரெத்னோ விடுவதாக இல்லை.

"ஏதாவது பேசுவேன். மழை, வெயில்..."

"மழையும் வெயிலும் முடிஞ்சதும் அத்தை மகன் வருவான் பாரு, குடையைப் பிடிச்சுக்கிட்டு."

லம்ரியா தட்டைத் தள்ளி வைத்தாள். அத்தை மகன் வந்தால்கூடச் சமாளிக்கலாம். பேச ஒன்றும் இல்லையென்று அம்மா கூப்பிடாமலே இருந்துவிட்டால்?

போனில் சீரியலைத் திறந்து பார்த்தாள். காலையோடு சந்தா முடிந்துபோய், பணம் கட்டு என்று ஒரே ஒரு வரி. சியாந்தர் டி.வி.யிலும் அதேதான் வந்திருக்கும். இந்நேரம் அம்மா கொரியாவையும் மகளையும் சேர்த்து வைத்துத் திட்டிக்கொண்டிருப்பாள்.

சாயங்காலம் அறைக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே போன் அடித்தது.

"அம்மா, அந்த டி.வி. விஷயம்..."

"வாயை மூடு, நான் முதல்ல சொல்லிடறேன்! இன்னிக்கு என்ன ஆச்சுன்னு பார்த்தியா?"

"இன்னிக்கா?"

"பின்னே, போன வருஷமா? இப்பத்தான் பார்த்து முடிச்சேன். அழுது அழுது மூக்கே வீங்கிப்போச்சு. ஆஸ்பத்திரிக்காரன் மகனை வேண்டாம்னுட்டுப் போனாளே ஒரு திமிர் பிடிச்சவ, அவளோட அம்மா இல்ல..."

லம்ரியா ஒற்றைச் செருப்போடு அப்படியே நின்றாள்.

"அவ ஒரு வாய்த் துடுக்குக்காரி. ஏதோ ஆத்திரத்துல பொண்ணை என்னமோ சொல்லித் தொலைச்சிட்டா. சொன்ன நாளா நாக்கைக் கடிச்சுக்கிட்டுக் கிடக்கறா. இன்னிக்குக் கெண்டை மீன் வாங்கி, மஞ்சள் அரைச்சு, அடுப்புல போட்டுட்டு, வாசலையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கா."

கொரியாக்காரி எப்போதிலிருந்து கெண்டை மீனுக்கு மஞ்சள் அரைக்க ஆரம்பித்தாள்? அது அச்சு அசல் சியாந்தர் சமையல்.

"மாப்பிள்ளை இல்லாம வந்தா சேர்த்துக்குவாங்களாம்மா?" லம்ரியா மெல்லக் கேட்டாள்.

"மாப்பிள்ளையாவது மண்ணாங்கட்டியாவது! கிறிஸ்துமஸுக்குப் பொண்ணு வந்தாப் போதும்கறா அந்தப் பொம்பளை. நான் சொல்லலைடி, சீரியல்ல சொன்னா." அம்மா மூக்கை உறிஞ்சினாள். "அந்தக் கழுதை என்ன பதில் சொல்லப்போறாளோ, தெரியலை. அதுக்குள்ள இன்னிக்குக் கதையை முடிச்சிட்டான், படுபாவி."

சந்தா சேதியை லம்ரியா அப்படியே விழுங்கினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் நாளைக் கதையையும் பார்த்துட்டேன்மா" என்றாள். "பொண்ணு டிக்கெட் எடுத்துட்டா."