மிதித்த கால்

இறந்த ஓட்டுநரின் கடைசி நினைவைத் தலையில் ஏற்றும்போது உங்கள் காலை அசைக்கக்கூடாது, அசைத்தால் அதுவும் அவர் நினைவோடு கலந்துவிடும் என்பதுதான் விபத்துப் புலனாய்வுப் பயிற்சியில் எஸ்.ஐ. எமல்டா கற்ற முதல் பாடம்.

இன்று லாரி ஓட்டுநர் குழந்தைவேலுவின் நினைவை ஏற்றிக்கொண்டாள். ஓமலூர் வளைவில் சைக்கிளோடு ஒரு சிறுமி எதிரே வந்தாள். உடனே கால் பிரேக்கை ஓங்கி மிதித்தது. ஆனால் விபத்து நடந்த சாலையில் டயர் தேய்ந்த தடமே இல்லை.

நினைவு முடிந்து கண் திறந்தபோது, மேசைக்கு அந்தப் பக்கம் குழந்தைவேலுவின் மனைவி உட்கார்ந்திருந்தாள். "கொலகாரன் பொண்டாட்டிங்கறாங்க மேடம். அவரு பிரேக் போட்டாருதானுங்களே?"

"மிதிச்சது ஞாபகம் இருக்கும்மா..."

மிதித்தது அவரா, தானா என்பதுதான் எமல்டாவுக்குத் தெரியவில்லை. மேசைக்கடியில் அவளுடைய வலது கால் இன்னும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.